ஜோடியாகப் போன கேபிள்

அவருக்கு முடிச்சு என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஒரு இன்டர்நெட் கம்பெனிக்கு கேபிள் இழுக்க வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் குடோனில் மூட்டை தூக்கினார். மூட்டையின் வாயைக் கட்டிக் கட்டிப் பழகிய கை, கேபிளைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டும். சாண் இடைவெளியில் ஒரு கட்டு, அடுத்ததும் அதே சாணில், கட்டின் வாலெல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். முதுகு போய்விட்டது, படியேறினால் முட்டி தனியாகப் பேசுகிறது. கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

நாற்பத்தாறு வயது வரை அவருக்கு எழுத்து தெரியாது. தெரியாமல் காலம் தள்ளுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். காகிதத்தைக் காட்டிப் பேசுகிறவரிடம் கேள்வி கேட்கவே கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். கேட்டால், "இந்தாங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று காகிதம் கைக்கு வந்து சேரும். அதனால் தலையை ஆட்டிவிட்டு, பேசுகிறவரின் விரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பார். விரல் புறப்பட்ட இடம் ஒன்று, போய் நின்ற இடம் ஒன்று. நடுவில் இருப்பது தன் வேலை. இப்படியே எட்டு வருஷம் ஓட்டினார். ஒரு குறையும் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

போன வருஷம் ஒருநாள் தப்பான பஸ்ஸில் ஏறி ஊர்க்கோடியில் போய் இறங்கினார். மனைவியின் தம்பி பஸ் கண்டக்டர். அக்கா வீட்டிலேயே தங்கியிருக்கிறவன். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் போர்டு படிச்சுச் சொல்றேன். என் அக்கா வீட்டுக்காரர் போர்டு தெரியாம அலையறதா? வெளிய தெரிஞ்சா என் யூனிபார்மைக் கழட்டிருவாங்க மாமா."

அன்றைக்கே ஆரம்பித்தான். முதலில் கையெழுத்து. "அது வந்துட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி" என்றான். பாதிக் கிணறு தாண்டினவன் எங்கே விழுவான் என்று அக்காக்காரி கேட்டாள். அவன் விடவில்லை. இரண்டு மாதத்தில் கையெழுத்து வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க மேலும் ஆறு மாதம். இப்போது முடிச்சு பஸ் போர்டு படிப்பார், சோப்பு உறை படிப்பார், மெதுவாகப் போனால் ஒரு பக்கம் முழுதும் படித்துவிடுவார்.

கம்பெனியில் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியரை எல்லோரும் மெயிலம்மா என்பார்கள். நேரில் மேடம். முப்பத்தைந்து வயதிருக்கும். குளிரூட்டிய அறையிலேயே கிடப்பதால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஒரு திங்கட்கிழமை, நாலாவது மாடி சர்வர் அறையில், முடிச்சு முதன்முதலாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். எழுத்து வந்த தைரியம்தான்.

"மேடம், சனிக்கிழமை என்னவோ மாத்தப் போறோம்னு நோட்டீஸ் படிச்சேன். என்ன மாத்தறோம்?"

மெயிலம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தக் கேள்வியை மேலாளர்கூட அவரிடம் இதுவரை கேட்டதில்லை.

"இப்ப எண்பதாயிரம் வீட்டு மெயிலும் ஆறு சர்வர்ல பங்கு போட்டுக் கெடக்கு. பேரோட முதல் எழுத்தை வச்சுப் பிரிச்சிருக்கோம். இந்த எழுத்துக்காரங்க முதல் சர்வர், அந்த எழுத்துக்காரங்க ரெண்டாவதுன்னு. என்ன ஆச்சு? மூணாவது எப்பவும் வயிறு முட்டிக் கெடக்கும். ஆறாவது கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருக்கும். மூணாவதுல டிஸ்க் போச்சுன்னா அந்த எழுத்துக்காரங்க அத்தனை பேருக்கும் அன்னிக்கு மெயில் கெடையாது. பக்கத்து சர்வர் சும்மாதான் இருக்கும், ஆனா ஒண்ணும் பண்ண முடியாது. ஏன்னா மெயில் இதோட வயித்துக்குள்ள இருக்கு."

"ஆறு பேருக்கு ஆறு பானை. ஒருத்தன் பானையில இன்னொருத்தன் கரண்டி போட முடியாது."

"அதேதான். இனிமே ஒரே பெரிய பானை. கீழ்த் தளத்துல வச்சிருக்கோமே, டிஸ்க் அலமாரி, அதுதான். எல்லா மெயிலும் அதுல. மேல இருக்கிற சர்வரெல்லாம் வெறும் கரண்டி. எந்தக் கரண்டியும் யாருக்கு வேணா மொண்டு ஊத்தும். ஒண்ணு ஒடைஞ்சா அஞ்சு இருக்கு. ஆள் கூடினா இன்னும் ரெண்டு கரண்டி வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதான்."

"பானையே ஒடைஞ்சா?"

"அதுக்குள்ள எல்லாமே ரெண்டு ரெண்டு. டிஸ்க் ரெண்டு, கரெண்ட் ரெண்டு, பெட்டிக்குள்ள மூளையும் ரெண்டு. அதுக்கும் நமக்கும் நடுவுல கேபிளும் ரெண்டு. அதைப் போட்டதே நீங்கதானே."

முடிச்சுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆமாம், அவர்தான் போட்டார். பத்து மாதம் முன்னால். சுண்டு விரலில் பாதி கனம்கூட இல்லாத கண்ணாடி நார்க் கேபிள்கள் இரண்டு. நாலாவது மாடியிலிருந்து கீழ்த் தளம் வரைக்கும். எண்பதாயிரம் வீட்டுக் கடுதாசியும் தன் கை கட்டிய கட்டின் வழியாகப் போகப் போகிறது என்று நினைத்தபோது முட்டி வலிகூட அன்றைக்குத் தெரியவில்லை.

மெயிலம்மா தாள்கள் நிறைந்த ஒரு கோப்பை எடுத்து நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு இன்டர்வியூ இருக்குல்ல? நிரந்தர டெக்னீஷியன் வேலைக்கு. நீங்க வேலை முடிச்சுக் கையெழுத்துப் போட்ட தாளெல்லாம் இதுல இருக்கு, நாப்பத்தொண்ணு. மேலாளர் பாக்கணும்பார். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒரு தடவை படிச்சுக்குங்க."

ஒன்பது வருஷம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர் அவர். ஒவ்வொரு மார்ச்சிலும் அட்டை முடியும். புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று ஏப்ரல் வரை காத்துக் கிடக்க வேண்டும். நிரந்தரம் ஆகிவிட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை. முதுகுக்கு வைத்தியம் உண்டு. ஏணியில் ஏற ஆள் வேறு வருவான். இவர் கீழே நின்று சொன்னால் போதும். அந்த வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற ஒரே விதியால்தான் இத்தனை நாள் அந்தப் பக்கம் அவர் திரும்பியே பார்க்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கோப்பை வீட்டு மேசையில் விரித்தார். மனைவி சலவைக் கடையிலிருந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மச்சினன் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, உங்க முதல் கையெழுத்து இதுலதான் இருக்கும். எடுங்க, குருதட்சணையா சத்தமாப் படிங்க கேப்போம்."

தேதியைப் பார்த்துத் தேடி எடுத்தார். இருந்தது. கோழி கிளறின மாதிரி கோணிக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே கடைசி எழுத்து தொங்கிக்கொண்டு. அதுவரை வேலைத் தாளில் ஒப்பந்தக்காரர்தான் கையெழுத்துப் போடுவார்; இவர் காகிதத்தில் வைத்ததெல்லாம் ரேஷன் கடைக் கட்டைவிரல் மைதான். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தது நினைவிருக்கிறது. மேலே என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. பெயர் எழுதியதே பெரிய காரியம்.

இப்போது விரலை வைத்துப் படித்தார்.

"நாலாம் தளத்து சர்வர் அறையில் இருந்து... கீழ்த் தளத்து சேமிப்பு அறைக்கு... இரண்டு கேபிள்கள்..."

"நல்லா வருது. அப்புறம்?"

"முதல் கேபிள் மாடிப்படி டக்ட் வழியாகவும்... இரண்டாவது கேபிள் லிப்ட் பக்கத்து டக்ட் வழியாகவும்... தனித்தனி வழியில்..."

நின்றுவிட்டார்.

"என்னங்க, எழுத்து தெரியலையா?" என்றாள் மனைவி.

"தெரியுது."

மறுபடி முதலிலிருந்து படித்தார், இந்தத் தடவை வாய்க்குள். அதன் கீழே இன்னொரு வரி: 'மேற்கண்டவாறு பதிக்கப்பட்டதை நேரில் சரிபார்த்தேன்.' அதற்குக் கீழே அவர் கையெழுத்து.

டக்ட் என்பது சுவருக்குப் பின்னால் மேலிருந்து கீழ் வரை போகிற குறுகலான சந்து. குழாயும் கேபிளும் அதற்குள்தான் இறங்கும். அந்தக் கட்டடத்தில் இரண்டு டக்ட். கேபிள் போடச் சொன்ன அன்றைக்கு மெயிலம்மா காகிதத்தை விரித்து விரலால் இரண்டு கோடு காட்டினார். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, நடுவில் இரண்டு கோடு. முடிச்சு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார், தலைகீழாகத் தெரிந்தது. இரண்டு கோடு என்றால் இரண்டு கேபிள் என்று எடுத்துக்கொண்டார். கேட்கவில்லை, கேட்டால் காகிதம் கைக்கு வந்துவிடும். இரண்டையும் மாடிப்படி டக்டிலேயே இறக்கினார். ஜோடியென்றால் சேர்ந்துதானே போக வேண்டும்? ஜோடிச் செருப்பை யாராவது மூலைக்கொன்றாக விடுவார்களா? இரண்டையும் ஒன்றாய் அணைத்து, சாணுக்கொரு கட்டாய், மேலிருந்து கீழ் வரை. பார்த்தவர்களெல்லாம் மெச்சிய வேலை.

நடந்ததை இருவருக்கும் சொன்னார். மச்சினன் ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு யோசித்தான்.

"சரி மாமா, இப்ப ரெண்டு கேபிளும் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அப்புறம் என்ன? எந்தச் சந்துல போனா மெயிலுக்கு என்ன, அதுக்கு மூச்சா முட்டப் போகுது? பத்து மாசமா யாரும் கேக்கல. தவளை தன் வாயால கெட்ட கதை தெரியுமில்ல? கத்தாம இருந்தா பாம்புக்குத் தெரியவே தெரியாது."

"நீ சும்மா இருடா" என்ற மனைவி, புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த ரெண்டும் ஒரே எடத்துல அறுந்தா என்ன ஆகும்?"

"எண்பதாயிரம் வீட்டுக்கும் மெயில் நின்னுடும்."

"மாத்தாம, இப்ப இருக்கிற ஆறு சர்வராவே விட்டா?"

"ஒரு சர்வர் போனா ஆறுல ஒரு பங்குக்குத்தான் நிக்கும்." நல்லதுக்கு என்று செய்கிற மாற்றம், தன் கட்டினால் பழையதைவிட மோசமாகிப் போகிறது. "அடுத்த மாசம் ஏசிக்காரங்க வந்து மாடிப்படி சுவத்துல ஓட்டை போடப் போறாங்க. ட்ரில்லு ஒரு விரல் தள்ளிப் போனா போச்சு."

அவள் பாதத்தைப் பிடிப்பதை நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமை இன்டர்வியூ முடியட்டுமே. முடிஞ்ச கையோட சொல்லிடுங்க. பொய் சொல்லச் சொல்லல. ஒருநாள் தள்ளிச் சொல்லுங்கன்றேன். ஒம்பது வருஷம் பொறுத்தாச்சு, நமக்காக ஒருநாள் அந்தக் கேபிள் பொறுக்காதா?"

அது நியாயமில்லாத பேச்சு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளும் ஒன்பது ஏப்ரல் பார்த்தவள்தான்.

வியாழக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் டக்ட் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். வேலை என்றால் அது வேலை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு கட்டு விலகவில்லை, ஒரு வால் திரும்பவில்லை. கொஞ்சம் அசிங்கமாகக் கட்டியிருந்தால்கூட யாராவது இரண்டாம் தடவை எட்டிப் பார்த்திருப்பார்கள்.

ஓசைப்படாமல் தானே சரிசெய்துவிடலாமா என்றும் ஒரு எண்ணம் வந்தது. ஒன்றை உருவி லிப்ட் பக்கம் விட்டுவிட்டால் தாளில் இருப்பது உண்மையாகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் அமுக்கிவிடலாம். ஆனால் எங்கே? லிப்ட் பக்கம் சுற்றிப் போனால் பதினெட்டு மீட்டர் கூடுதல்; இந்தக் கேபிள் எட்டாது. அதோடு பழைய சர்வர்களில் இருக்கிற மெயிலையெல்லாம் ஒரு வாரமாக இந்த இரண்டு கேபிள் வழியாகத்தான் மெயிலம்மா கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார். ஒன்றைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே அவர் திரை சிவக்கும்.

ஒருநாள் பொறுத்தால் என்ன என்று அவளுடைய குரல் காதிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை மேலாளர் இந்தத் தாளைக் கையில் எடுப்பார். "இது நீங்க செஞ்சதா?" என்பார். அதற்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும். முதல் தடவை போட்ட கையெழுத்து தெரியாமல் சொன்ன பொய். நாளைக்கு ஆமாம் என்றால் அது படித்துப் பார்த்துச் சொன்ன பொய். டார்ச்சை அணைத்துவிட்டுப் படியேறினார்.

மெயிலம்மா டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தக் கேபிள் ரெண்டும் ஒரே டக்ட்லதான் போகுது."

"எந்தக் கேபிள்?"

"பானைக்கும் கரண்டிக்கும் நடுவுல."

"காலங்காத்தால வெளையாடாதீங்க முடிச்சண்ணே."

"வெளையாடல. வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். டார்ச்சை மேலும் கீழும் ஓட்டினார். லிப்ட் பக்கத்து டக்டையும் திறந்து பார்த்தார். அங்கே தண்ணிக் குழாயும் ஒட்டடையும் தவிர ஒன்றுமில்லை. திரும்பி வந்து டார்ச்சை அணைத்தார்.

"ஏன் இப்படிப் போட்டீங்க?"

இந்த இடத்தில் முடிச்சு எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்த டக்டில் ஈரம் இருந்தது, குழாய் ஒழுகுமோ என்று பயந்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். "அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது மேடம்" என்றார். "கையெழுத்து மட்டுந்தான் தெரியும். நேத்துதான் அந்தத் தாளைப் படிச்சேன்."

மெயிலம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷமாக இந்த மனுஷனிடம் எத்தனை காகிதத்தை விரித்திருப்பார். ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்க்கிற மாதிரி முகம் போனது.

"தாள் கையில இருக்கா?"

கொடுத்தார். மெயிலம்மா அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரு கையெழுத்து இருந்தது. அழகாக, ஒரே இழுப்பில் போட்டது. முடிச்சு முன்பக்கம் மட்டும்தான் படித்திருந்தார்.

"இது யாருதுன்னு தெரியுதா? என்னுது. 'ஆய்வு செய்தேன்'னு போட்டிருக்கேன். என்ன ஆய்வு செஞ்சேன் தெரியுமா? நாலாவது மாடியில டக்ட் கதவைத் தொறந்து எட்டிப் பாத்தேன். அவ்வளவு நேர்த்தியா கட்டியிருந்துச்சு. முடிச்சண்ணன் வேலைக்கு என்ன குறை இருக்கப் போகுதுன்னு கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். இன்னொரு டக்டைத் தொறக்கவே இல்லை."

முடிச்சும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். துப்புரவு செய்கிற அம்மாள் துடைப்பத்தோடு வந்து, "நகருங்க, வீட்டுல சண்டைன்னா படியிலயா வந்து உக்காருவீங்க" என்று இருவரையும் எழுப்பிவிட்டுப் போனாள்.

"மேலாளர்கிட்ட நானும் வரேன்" என்றார் மெயிலம்மா. "நான் மட்டும் சொல்லிக்கட்டுமா? உங்க இன்டர்வியூ நாளைக்கு."

"வேணாம் மேடம். கட்டினது நான்."

மேலாளர் கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம். கத்தினால் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிடலாம். அவர் இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, தாளை இரண்டு பக்கமும் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"புது வழி போட எத்தனை நாள்?"

"நாலு நாள் சார். புதுக் கேபிள் வேணும். பழையது எட்டாது."

"இருக்கிற ஒண்ணுல மெயில் இறங்கிட்டே இருக்கட்டும்" என்றார் மெயிலம்மா. "இன்னொண்ணைப் புது வழியில விட்டுடலாம். ஆனா இந்தச் சனிக்கிழமை மாத்தறது சரியில்லை. ஒரு வாரம் தள்ளணும்."

"எண்பதாயிரம் வீட்டுக்கும் சனிக்கிழமைன்னு சொல்லியாச்சு."

"தள்ளிப் போச்சுன்னு இன்னொரு மெயில் அனுப்பறேன். திட்டுவாங்க. மெயில்லதானே திட்டுவாங்க, அதையும் பத்திரமா எடுத்து வப்போம்."

மேலாளர் சிரித்துவிட்டார். பிறகு முடிச்சைப் பார்த்தபோது சிரிப்பு இல்லை.

"நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். இல்லைன்னா எப்பவாவது ஒருநாள் மொத்தமும் படுத்திருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த டெக்னீஷியன் வேலை இருக்கே, அது கேபிள் இழுக்கிற வேலை இல்லை. கேபிள் இழுக்க ஆள் இருக்கு. அவன் இழுத்தது சரின்னு கையெழுத்துப் போடற வேலை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இவங்க சர்வரை ஓட்டறாங்க. நாப்பத்தொரு தாள்ல எது படிச்சுப் போட்டது, எது படிக்காமப் போட்டதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப நாளைக்கு நான் எதை வச்சு இன்டர்வியூ பண்றது?"

 மேலாளர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட முடிச்சுக்குத் தப்பாகப் படவில்லை, அதுதான் வலித்தது.

"இந்த வருஷம் முடியாது" என்றார் மேலாளர். "ஒப்பந்தம் புதுப்பிக்கிறதுல பிரச்சனை வராது, அது என் பொறுப்பு. கேபிளை முடிச்சுட்டு, இந்த நாப்பத்தொரு தாளையும் ஒவ்வொண்ணாப் படிச்சு, நேர்ல போய்ப் பாத்து, எது சரி எது தப்புன்னு எழுதிக் கொடுங்க. நீங்களே எழுதணும்." மெயிலம்மா பக்கம் திரும்பினார். "பின்பக்கம் கையெழுத்துப் போட்டவங்களும் கூடப் போகணும்."

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னார். மச்சினன் வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வெகுநேரம் கழுவினாள்.

"இன்னொரு ஏப்ரல்" என்றாள்.

"இன்னொரு ஏப்ரல்தான்."

"முதுகு தாங்குமா?"

"தாங்கலைன்னா நீ தாங்க மாட்டியா?"

"ஆமா, சலவைக்காரி தானே, உங்களையும் மடிச்சு அலமாரியில வச்சுக்கறேன்" என்றாள். சொன்ன பிறகு அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, சட்டையைத் தூக்கிவிட்டு முதுகில் தைலம் தடவினாள். கோபம் முழுதாகப் போகவில்லை. விரல் அழுத்தத்தில் தெரிந்தது. வலிக்கிற இடத்தில் அந்த அழுத்தம் நன்றாகத்தான் இருந்தது.

லிப்ட் பக்கத்து டக்ட் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற அகலம். நாலு நாளும் அதற்குள்ளேயே கிடந்தார். ஒட்டடையை எடுத்து, தண்ணிக் குழாய்க்கு எதிர்ச் சுவரில் கேபிளைத் தாங்குகிற தட்டுச் சட்டம் அடித்து, அதன்மேல் புதுக் கேபிளை இறக்கினார். கண்ணாடி நாரை மற்றதைப் போல மடக்க முடியாது. மூலையில் திரும்பும்போது முழுத் தேங்காயளவு வளைவாவது கொடுக்க வேண்டும். மடக்கினால் உள்ளே வெளிச்சம் செத்துப்போகும். ஒவ்வொரு தளத்திலும் கேபிளின் மேல் அட்டையில் எழுதிக் கட்டினார்: 'இரண்டாவது கேபிள். லிப்ட் வழி.' எழுத்து இன்னும் கோணல்தான். மாடிப்படிப் பக்கத்தில் பழைய ஜோடியில் ஒன்றை அறுத்து உருவினார். சாணுக்கொன்றாகக் கத்தி வைத்து ஒவ்வொரு கட்டாய் வெட்ட வேண்டியிருந்தது. கட்டியதற்கு ஆனதைவிட அவிழ்ப்பதற்கு அதிக நேரம் ஆனது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சர்வர் அறையில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். எண்பதாயிரம் வீடும் புதுப் பானைக்கு மாறி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. திரையில் நிமிஷத்துக்கு எத்தனை மெயில் வருகிறது என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பிடுங்குங்க" என்றார் மெயிலம்மா.

முடிச்சு ரேக்கின் பின்னால் போய் மாடிப்படி வழிக் கேபிளைப் பிடித்தார். பிடுங்கினார். திரையில் ஒரு மூலை சிவந்தது. ஓடிக்கொண்டிருந்த எண் ஒரு கணம் தயங்கியது. பிறகு பழையபடி ஓடியது. யாருக்கோ யாரோ எழுதியது போய்க்கொண்டே இருந்தது. திரும்பச் செருகி, சிவப்பு மறைந்த பிறகு, லிப்ட் வழிக் கேபிளைப் பிடுங்கினார். அப்போதும் ஓடியது.

"கடைசியா ஒரு கரண்டியையும் ஒடச்சுப் பாத்துடலாம்" என்று மெயிலம்மா மூன்றாவது சர்வரின் பொத்தானை அவரே அமுக்கி அணைத்தார். வருஷக்கணக்காக வயிறு முட்டிக் கிடந்த அந்த மூன்றாவது சர்வர் ஓய்ந்தது. அதன் எழுத்துக்காரர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. மேலாளர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திங்கட்கிழமை காலையில் முடிச்சும் மெயிலம்மாவும் கோப்போடு புறப்பட்டார்கள். கேபிள் தாள் போக நாற்பது பாக்கி. முதல் தாள் மூன்றாவது மாடி. சுவிட்சுப் பெட்டிக்கு எர்த் இணைப்பு கொடுத்தது. முடிச்சு நடைபாதையில் நின்று விரல் வைத்து முழுதும் படித்தார். மெயிலம்மா அவசரப்படுத்தவில்லை. போய்ப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. 'சரி' என்று எழுதினார்.

இரண்டாவது தாள் அதே நடைபாதைச் சுவரைப் பற்றியது, கொஞ்சம் நீளம். ஒரு வார்த்தையில் தட்டி நின்றார்.

"இது என்ன மேடம்? தீத்... தடுப்பு..."

"படிங்க, வரும்."

"தீத்தடுப்புப் பூச்சால்... சுவர்த் துளை... முழுவதும் அடைக்கப்பட்டது."

இருவரும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள். கேபிள் நுழைகிற துளையைச் சுற்றி ஒரு அழகான உலோக வளையம் பளபளவென்று இருந்தது, திருகாணி நாலும் நேராக நின்றன. முடிச்சு ஏணியைச் சாய்த்து ஏறி, வளையத்தின் இடுக்கில் விரலை விட்டார். விரல் போனது. கை போனது. முழங்கை வரைக்கும் போய், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காற்று சில்லென்று பட்டது.

"மேடம், அந்தப் பக்கம் இருந்து யாராவது கை குலுக்கினா தேவலை போல இருக்கு."

மெயிலம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தார்.

"எழுதுங்க, எழுதுங்க. தப்புன்னு எழுதுங்க."

முடிச்சு ஏணியிலேயே உட்கார்ந்து, தொடைமேல் தாளை வைத்து, மெதுவாக எழுதினார். பிறகு இறங்கி, பூச்சு வாங்கி வர ஸ்டோருக்கு நடந்தார்.